கூட்டத்தின் மீது போட்ட வேலி: பில் புஃபோர்டின் 'அமாங் தி தக்ஸ்' நூலை முன்வைத்து

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களின் அடிதடியைப் பற்றி நிறைய புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இன்றும் எல்லோரும் முதலில் கைகாட்டுவது பில் புஃபோர்டின் 'அமாங் தி தக்ஸ்'. தமிழில் 'ரவுடிகள் நடுவே' என்று வைத்துக்கொள்ளலாம். புஃபோர்டு அமெரிக்கர். கேம்பிரிட்ஜில் 'கிராண்டா' இலக்கிய இதழின் ஆசிரியராக இருந்தவர். 1982ல் ஒரு சனிக்கிழமை, வேல்ஸில் ஒரு ரயில் நிலையத்தில், ரசிகர்கள் நிரம்பிய ரயிலைப் பார்த்து மிரண்டுபோகிறார். இவர்கள் யார், ஏன் இப்படி என்ற கேள்வியோடு 1990 உலகக் கோப்பை வரை அவர்கள் பின்னாலேயே போகிறார். அந்த அலைச்சல்தான் புத்தகம்.

முதல் தடவை நான் இதை ஒரே மூச்சில் வாசித்தேன். இந்தத் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். புத்தகத்தின் மேல் மரியாதை குறையவில்லை. ஆனா அது சொல்கிற பதிலை ஏற்க முடியவில்லை. ஏன் என்று எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

புத்தகத்தின் பலம்

1984ல் கோப்பை வென்றோர் கோப்பை அரையிறுதிக்காக மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களோடு டூரின் நகருக்குப் போகும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி யுவென்டஸ். குடி, பாட்டு, கூச்சல், பிறகு ஆட்டம் முடிந்து தெருவில் ஓடும் கூட்டம், வழியில் அகப்பட்டவர்களுக்கு விழும் அடி. புஃபோர்டு கூட்டத்துக்குள்ளேயே ஓடுகிறார். முதல் கல் எறியப்படுவதற்கு முந்தைய சில நிமிடங்களை அவர் எழுதியிருப்பதுபோல யாரும் எழுதியதில்லை என்றே சொல்வேன். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி நடத்தும் ஒரு டிஸ்கோ பற்றிய அத்தியாயமும் அப்படித்தான். கட்சிக்கு ஆள் பிடிப்பது எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்.

இன்னொரு நேர்மையும் உண்டு. அடிதடி நடக்கும்போது தனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை அவர் மறைக்கவில்லை. 'நான் வெறும் பார்வையாளன்' என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1985 மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நடத்திய கலவரம் டிவியில் வந்தது. அதே வருடம் மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யுவென்டஸ் ரசிகர்கள். பின்னர் 14 லிவர்பூல் ரசிகர்கள் உயிர்ச்சேதம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். இங்கிலாந்து கிளப்புகள் ஐந்து வருடம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடவில்லை. கறுப்பின வீரர்களை நோக்கி வாழைப்பழம் எறிவதும் குரங்குச் சத்தம் போடுவதும் அன்றாடம். இதெல்லாம் பத்திரிகைக் கட்டுக்கதை என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் எங்கே?

புஃபோர்டின் வாதம் சுருக்கமாக இது. வேலையின்மை, வர்க்கக் கோபம், குடும்பச் சிதைவு போன்ற வழக்கமான விளக்கங்கள் இங்கே செல்லாது. அவர் பார்த்த ஆட்கள் பலருக்கு நல்ல வேலை, கையில் காசு. அவர்கள் அடிப்பது அடிப்பதில் உள்ள சுகத்துக்காக. கூட்டத்தில் கரைந்து, 'நான்' என்பது மறைந்துபோகும் அந்தக் கணம் ஒரு போதை. அதற்கு மேல் காரணம் தேடாதீர்கள் என்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனா இது யாரைப் பற்றிய உண்மை? டூரினில் அடித்த சில நூறு பேரைப் பற்றியதாக இருக்கலாம். அன்று மைதானத்துக்கு வந்து, ஆட்டம் பார்த்து, பேசாமல் வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்கள் புத்தகத்தில் எங்கே? அவர்கள் பின்னணிக் கூட்டமாக வந்து போகிறார்கள், அவ்வளவுதான். அடிக்கும் ஆளைத் தேடிப்போனவர் அடிக்கும் ஆளைத்தான் பார்ப்பார். ஒரு சர்வரின் எரர் லாகை மட்டும் படித்துவிட்டு 'இந்த சிஸ்டம் எப்போதும் கிராஷ் ஆகிக்கொண்டே இருக்கிறது' என்று முடிவுக்கு வருவதுபோல. எங்கள் தொழிலில் அதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மைதானத்தின் வேலிகளையும் கூண்டுகளையும் புஃபோர்டு கவனிக்கிறார். நிற்கும் பகுதியின் நசுங்கலை உள்ளிருந்தே எழுதுகிறார். ஆனா வன்முறைக்குக் காரணம் சொல்லும் இடம் வந்ததும், போலீஸ், மைதான அமைப்பு, அதிகாரம் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. கூட்டமும் அதன் போதையும் மட்டும் மிஞ்சுகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஓர் அபூர்வ வாய்ப்பு இருக்கிறது. புத்தகம் முடியும் இடம் 1990 உலகக் கோப்பை, இத்தாலியின் சார்டீனியாத் தீவு. அங்கே புஃபோர்டையே இத்தாலியப் போலீஸ் தடியால் வெளுத்துவிடுகிறது. அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்து ரசிகர்களோடு ரசிகராக இருந்து கவனித்த இன்னொருவர் கிளிஃபோர்டு ஸ்டாட் என்ற உளவியல் ஆய்வாளர். அவரும் ஸ்டீபன் ரைக்கரும் 1998ல் எழுதிய கட்டுரை சொல்வது வேறு கதை. வந்தவர்களில் பெரும்பாலோர் சண்டை போட வந்தவர்கள் இல்லை. 'இங்கிலாந்து ரசிகன் என்றாலே ரவுடி' என்று போலீஸ் எல்லோரையும் ஒன்றாக நடத்தியது. எதுவும் செய்யாதவனுக்கும் அடி விழுந்தது. அதன் பிறகுதான் அவனுக்கு, பக்கத்தில் கல்லோடு நின்றவன் 'நம்ம ஆள்' ஆனான்.

புஃபோர்டு தன் முதுகில் வாங்கிய அடிக்கும் தன் கோட்பாட்டுக்கும் முடிச்சுப் போடவே இல்லை. ஸ்டாட் அந்த அடியிலிருந்துதான் தொடங்குகிறார்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2004 ஐரோப்பியக் கோப்பையில், ஸ்டாட் போன்ற ஆய்வாளர்களின் ஆலோசனைப்படி, போர்ச்சுக்கலின் நகரப் போலீஸ் கவச உடையைக் கண்மறைவில் வைத்துவிட்டு, சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டே நின்றது. ஆட்டம் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் சொல்லும்படியான தொல்லை இல்லை. அதே நாட்களில், வேறொரு காவல் பிரிவின் பொறுப்பில் இருந்த அல்புஃபைரா என்ற சுற்றுலா ஊரில் கலவரம் நடந்தது. அதே நாட்டு ரசிகர்கள்தான். அதே பீர்தான்.

கோட்பாடு இரும்பானபோது

சரி, ஒரு புத்தகத்தின் கோட்பாடு தவறாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 'கூட்டம் ஒரு மிருகம்' என்ற எண்ணம் புஃபோர்டு எழுதுவதற்கு முன்பே இங்கிலாந்து மைதானங்களில் இரும்பு வேலியாக நின்றது. 1985ல் செல்சீ கிளப் தன் மைதானத்தில் மின்வேலியே போட்டது. லண்டன் மாநகர நிர்வாகம் அனுமதி தராததால் மின்சாரம் பாயவில்லை.

ஹெய்சலுக்குப் பதினெட்டு நாள் முன்பு, 1985 மே 11, பிராட்ஃபோர்டு மைதானத்தின் பழைய மர ஸ்டாண்டு தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் போனவர்கள் பூட்டிய வாசல்களில் மாட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஓடியவர்கள் புல்தரையில் இறங்கிப் பிழைத்தார்கள். அந்த ஸ்டாண்டின் முன்னால் வேலி இல்லை. இருந்திருந்தால்?

பதில் நான்கு வருடத்தில் கிடைத்தது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூல்-நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நிற்கும் பகுதிக்கு டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்களுக்குத் திறந்திருந்த சுழல் வாசல்கள் 7. வெளியே நெரிசல் முற்றியதும், 2.52க்கு போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. சுமார் 2,000 பேர் உள்ளே வந்தார்கள். எதிரே தெரிந்த சுரங்கப்பாதை நேராக, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குப் போனது. அதை யாரும் மூடவில்லை. முன்னால் வேலி, இரு பக்கமும் வேலி. 97 பேர் இறந்தார்கள். கடைசி ஆள் அன்றைய காயத்தோடு 32 வருடம் வாழ்ந்து 2021ல் இறந்தார்.

நம் செய்தி மொழியில் இதை 'ரசிகர்கள் முண்டியடித்ததால் நெரிசல்' என்று எழுதிவிடுவோம். அங்கே முண்டியடித்து யாரும் சாகவில்லை. நகர இடமில்லாமல் நின்றபடியே மூச்சு முட்டிச் செத்தார்கள். வேலியில் ஏறித் தப்பப் பார்த்தவர்களை, மைதானத்துக்குள் கலாட்டா செய்ய வருகிறார்கள் என்று நினைத்துப் போலீசார் முதலில் திருப்பி அனுப்பினார்கள். புத்தகத்தின் கோட்பாடு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இத்தனைக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. 1981ல் இதே முனையில், இன்னொரு அரையிறுதியில், நெரிசலில் 38 பேர் காயம்பட்டார்கள். அன்று பலரைப் புல்தரை ஓரத்துக்கு எடுத்துவிட்டதால் சாவு இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? நிற்கும் பகுதியைக் குறுக்கு வேலி போட்டுக் கூண்டுகளாகப் பிரித்தார்கள்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். கேட்டை ரசிகர்கள் உடைத்தார்கள் என்று அன்றே பொய் சொல்லப்பட்டது. இறந்தவர்களின், குழந்தைகளின் ரத்தத்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2012ல் வந்த சுயாதீனக் குழுவின் அறிக்கைப்படி, 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. 2016ல்தான் ஜூரி 'சட்டவிரோதக் கொலை' என்றும், ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்றும் சொன்னது. 27 வருடம். அவ்வளவு நாள் அந்தப் பொய் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம், கேட்டவர்கள் நம்பத் தயாராக இருந்ததுதான். 'அவனுங்க அப்படித்தான்.'

'தக்' என்ற சொல்

புத்தகத் தலைப்பில் உள்ள 'தக்' நம் நாட்டிலிருந்து போன சொல். 'தக் லைஃப்' மீம் போடும் பலருக்கு இது தெரியாது. 'ஏமாற்றுக்காரன்' என்ற பொருளுள்ள இந்திச் சொல்லை, வில்லியம் ஸ்லீமன் காலத்துக் கம்பெனி நிர்வாகம் ஒரு குற்றவாளி இனத்தின் பெயராக்கியது. 1836ல் வந்த சட்டப்படி, ஒருவர் குறிப்பிட்ட ஒரு குற்றம் செய்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. 'தக்' கும்பலைச் சேர்ந்தவர் என்று காட்டினாலே ஆயுள் தண்டனை. அந்தச் சிந்தனை 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக விரிந்தது. அது எங்கே போய் முடிந்தது என்பதை 1920 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு தெரிந்த தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிறப்பால் சுமத்திய குற்றமும் டிக்கெட் வாங்கியதால் சுமத்திய குற்றமும் ஒரே அளவு இல்லை. ஆனா தர்க்கம் ஒன்றுதான். செயலைப் பார்க்காதே, சேர்ந்திருப்பதைப் பார். புஃபோர்டு இந்த வரலாற்றை நினைத்துத் தலைப்பு வைத்ததாகத் தெரியவில்லை. தலைப்பு என்னவோ சரியாகப் பொருந்திவிட்டது.

ரசிகர்கள் எப்படி மாறினார்கள்?

வழக்கமான கதை: சட்டம் இறுகியது, கேமரா வந்தது, ரவுடி ஒழிந்தான். இதில் பாதி உண்மை. தடை உத்தரவுகள் வேலை செய்தன. மீதிப் பாதி புஃபோர்டு பார்க்காமல் விட்டவர்களின் கதை.

ஹெய்சல் நடந்த அதே 1985ல், லிவர்பூலில் ரசிகர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள், கால்பந்து ரசிகர் சங்கம். எல்லா ரசிகர்களுக்கும் அடையாள அட்டை என்ற தாட்சர் அரசின் திட்டத்தை எதிர்த்தார்கள். 1986ல் 'வென் சாட்டர்டே கம்ஸ்' இதழ் வந்தது. ஊருக்கு ஊர் ரசிகர்கள் கையால் அச்சடித்து விற்ற சிற்றிதழ்கள் பெருகின. நிறவெறிக்கு எதிரான குரல் அவற்றிலும் கேட்டது. புஃபோர்டு டூரினிலும் டிஸ்கோவிலும் இருந்த அதே வருடங்கள்தான் இவை. அவர் புத்தகத்தை மட்டும் வாசித்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை அடையாள அட்டைத் திட்டத்தை நிராகரித்தது. மேல் இரண்டு டிவிஷன்களில் எல்லோருக்கும் இருக்கை என்றானது. நின்று பார்த்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கை தர முடியும் என்று டெய்லர் நம்பினார். உதாரணமாக அவர் சொன்ன விலை 6 பவுண்டு. 1992ல் பிரீமியர் லீக் வந்தது. நாம் டிவியில் பார்த்துப் பழகிய கால்பந்து அதுதான். 2016 பிப்ரவரியில், 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் 77வது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் கிளப் பின்வாங்கியது. 2021 ஏப்ரலில் பணக்கார கிளப்புகளின் 'சூப்பர் லீக்' திட்டத்தில் சேர்ந்த ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் ரசிகர் எதிர்ப்பால் இரண்டே நாளில் விலகின. புத்தியில்லாத கூட்டம் செய்கிற வேலையா இது?

வன்முறை முழுசாகப் போய்விடவில்லை. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தன்று டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் வெம்பிளிக்குள் புகுந்தார்கள். அன்றிரவு பெனால்ட்டி தவறவிட்ட மூன்று கறுப்பின வீரர்கள் மேல் இணையத்தில் கொட்டப்பட்ட வசை, பழைய வாழைப்பழத்தின் புது வடிவம். புஃபோர்டு எழுதிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனா 'ரசிகன்' என்ற சொல்லுக்கு அவர்கள் மட்டுமே பொருள் இல்லை.

இப்போ எதுக்கு இந்தப் பழைய புத்தகம்? 2022 மே 28, பாரிஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். லிவர்பூல் ரசிகர்கள் குறுகலான பாதையில் அடைக்கப்பட்டார்கள். வாசல்கள் மூடப்பட்டன. குழந்தைகளோடு வந்தவர்கள் மேலும் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். பிரெஞ்சு அமைச்சர் உடனே பழியைப் போலி டிக்கெட் ரசிகர்கள் மேல் போட்டார். யூஈஎஃப்ஏ தானே அமைத்த விசாரணைக் குழு 2023 பிப்ரவரியில் முதன்மைப் பொறுப்பு யூஈஎஃப்ஏ மேல்தான் என்றது. ஹில்ஸ்பரோவைத் தவறாகப் புரிந்துகொண்டு, வந்தவர்களை ஆபத்தாகப் பார்த்ததும் ஒரு காரணம் என்றது. அன்று யாரும் சாகாததற்கு, நெரிசலில் பொறுமையாக நின்ற ரசிகர்களின் நிதானமும் ஒரு காரணம். அவர்களில் சிலர் ஹில்ஸ்பரோவில் பிழைத்து வந்தவர்கள்.

'அமாங் தி தக்ஸ்' வாசியுங்கள். நல்ல எழுத்து, விடாமல் இழுத்துக்கொண்டு போகும். அதை முடித்த கையோடு, ஹில்ஸ்பரோ சுயாதீனக் குழுவின் அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது, அதையும் வாசியுங்கள். நடை வறண்டதுதான். ஆனா புஃபோர்டு விட்டுவிட்ட ஆட்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள்.