பப்ளியஸ் என்னும் கூற்றும் 54ஆம் கட்டுரையும்

அமெரிக்க அரசியலமைப்பை ஏற்குமாறு நியூயார்க் மாநில மக்களை நோக்கி எழுதப்பெற்ற 85 கட்டுரைகள் 'பெடரலிஸ்ட்' என்னும் பெயரால் வழங்குகின்றன. முதற்கட்டுரை 1787 அக்டோபர் 27 அன்று செய்தித்தாளில் வெளிவந்தது. 1788 மே இறுதிக்குள் அனைத்தும் இரு தொகுதிகளாக நூலுருப் பெற்றன. பிற்காலத்தில் இவை அரசியலமைப்புக்கு எழுந்த தலையாய உரையாகப் போற்றப்பெற்று, நீதிமன்றத் தீர்ப்புகளிலும் எடுத்தாளப்பெறுகின்றன. அவ்வாறு உரைநூலாக மட்டும் பயிலும்போது ஒன்று மறைந்துவிடுகிறது. புனைந்துகொண்ட ஒருவரின் வாயில் வைத்து, ஒரு வாதத்தில் வெல்லும் பொருட்டுப் பேசப்பெற்றவை இவை. ஆகவே கூற்று யாருடையது என்னும் வினாவை இவற்றிடத்தும் எழுப்புதல் தகும்.

அப்புனைபெயர் 'பப்ளியஸ்'. மன்னராட்சி வீழ்ந்தபின் உரோமக் குடியரசை நிலைநிறுத்தியவருள் ஒருவராகிய பப்ளியஸ் வலேரியஸின் பெயர் அது. எதிர்த்து எழுதியோரும் 'புரூட்டஸ்', 'கேட்டோ' என உரோமப் பெயர்களையே சூடினர். பப்ளியஸின் பின்னே நின்றவர் அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவர். தொகுதியின் பெயரிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. 'பெடரல்' என்னும் சொல் அதுகாறும் தன்னுரிமையுடைய அரசுகளின் உடன்பாட்டுக் கூட்டையே பெரிதும் குறித்து வந்தது. வலிய நடுவணரசை வேண்டியோர் அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். மாநில உரிமை பேசியோர் 'பெடரல் எதிர்ப்பாளர்' ஆயினர். புதிய அமைப்பு முற்றும் கூட்டாட்சியாகவோ முற்றும் தேசிய ஆட்சியாகவோ அமையாமல் இரண்டும் கலந்தது என 39ஆம் கட்டுரை நெடிது விளக்க நேர்ந்தது இதனாலேயே எனலாம்.

மூவரும் ஒரே பெயரில் பேசினாலும் ஒன்றியத்துக்குக் காட்டும் காரணம் ஒன்றாக இல்லை. ஜே எழுதிய 2ஆம் கட்டுரை, அமெரிக்கர் ஒரே முன்னோர், ஒரே மொழி, ஒரே சமயம் உடைய ஒரே மக்கள் என்கிறது. (ஜேயின் தந்தைவழியினர் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட்டுகள், தாய்வழியினர் டச்சு மரபினர்.) மேடிசனின் 10ஆம் கட்டுரையோ வேறுபாட்டையே ஒன்றியத்தின் வலிமையாக்குகிறது. குடியரசு சிறு நிலப்பரப்பிலேயே நிலைக்கும் என்னும் மாண்டெஸ்கியூவின் கருத்தைப் புரூட்டஸ் முன்வைத்திருந்தார். நாடு விரியுந்தோறும் நலன்கள் பெருகும். பெருகவே, எந்த ஒரு குழுவும் பெரும்பான்மையாகத் திரண்டு பிறரை ஒடுக்குதல் அரிதாகும் என மேடிசன் அதனைத் தலைகீழாக்கினார். தொகுதி முழுவதிலும் இதற்கு நிகரான வாதம் பிறிதொன்று இல்லை. ஒடுக்கப்படுவோரைக் காக்க எழுந்த இவ்வாதம் யாரைத் தன் கணக்கில் கொள்ளவில்லை என்பது 54ஆம் கட்டுரையில் வெளிப்படுகிறது.

பிரதிநிதிகள் அவையின் இடங்களைப் பங்கிடுங்கால் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் விதியை அக்கட்டுரை காக்க முற்படுகிறது. அரசியலமைப்பு 'அடிமை' என்னும் சொல்லைத் தவிர்த்து 'ஏனைய மனிதர்' என்று மறைத்துக் கூறும். பப்ளியஸ் அச்சொல்லை வெளிப்படையாகவே ஆள்கிறார். ஆயின் அவ்விடத்தில் அவர் தம் குரலில் பேசுவதை நிறுத்திவிடுகிறார். தென்மாநிலச் சகோதரர் ஒருவர் இவ்வாறு வாதிடக்கூடும் என்று கூறி, வாதம் முழுவதையும் அவர் வாயில் வைக்கிறார். விற்கப்படுவதால் அடிமை உடைமை. குற்றத்துக்குத் தண்டிக்கப்படுவதாலும் பிறர் வன்முறையிலிருந்து சட்டத்தால் காக்கப்படுவதாலும் அடிமை மனிதன். எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண் பொருந்தும் என்பது அச்சகோதரரின் கூற்று. பறிக்கப்பட்ட உரிமைகளைச் சட்டம் மீட்டளிக்குமாயின் சமப் பிரதிநிதித்துவத்தை மறுக்க இயலாது என்னும் ஒப்புதலும் அக்கூற்றினுள்ளேயே வருகிறது. உரிமைகள் பறிக்கப்பட்டவை என்னும் உண்மை இரவல் வாயிலிருந்துதான் வெளிவர முடிந்தது. இறுதியில் பப்ளியஸ் மீண்டு வந்து, வாதம் சில இடங்களில் சற்றே வலிந்து கூறப்பட்டதாயினும் தமக்கு உடன்பாடே என்கிறார்.

வாதத்தை விரித்து உடன்படும் இவ்வுத்தியை நடுநிலைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். அக்கொள்கை ஆசிரியர் யார் என்பதை மறந்தது. 49 முதல் 58 வரையும் 62, 63உம் ஆகிய 12 கட்டுரைகளுக்கு ஹாமில்டன், மேடிசன் இருவர் பெயராலும் உரிமை கோரப்பட்டது. மாஸ்டெல்லர், வாலஸ் ஆகிய புள்ளியியலாளர் 1964இல் வெளியிட்ட ஆய்வு அவற்றை மேடிசனுக்கே உரியனவாகக் கண்டது. கருத்தும் நடையழகும் தீர்க்காத வழக்கை இடைச்சொற்களின் வருகை தீர்த்தது; ஹாமில்டன் மிகுதியாக ஆளும் 'அப்பான்' என்னும் ஆங்கிலச் சிறுசொல் மேடிசனிடம் அரிது. மேடிசன் வர்ஜீனியாக்காரர், அடிமைகளை உடைமையாகக் கொண்ட தோட்ட உரிமையாளர். ஆகவே நியூயார்க் மக்கள் முன் பேசிய தென்மாநிலச் சகோதரரும், அவருக்கு உடன்பட்ட நடுவரும் ஒருவரே. 1790 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 2,92,000க்கு மேற்பட்டோர் வர்ஜீனியாவில் இருந்தனர். நியூயார்க்கிலும் அடிமைமுறை இருந்தது. படிப்படியாக ஒழிக்கும் சட்டம் அங்கு 1799இலேயே வந்தது.