தற்செயலும் தோழமையும்

எழுத்தாளனின் வளர்ச்சியைத் தற்செயலின் கொடையெனக் கூறி அமைவோர் உளர். கல்முனைக் கவிதை வரலாறு இக்கூற்றைப் பாதியே ஏற்கும்.

பெரியநீலாவணையின் நீலாவணன் (1931–1975), பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், 1944இற் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் மூவரும் அயலூரவர், இது தற்செயல். நுஃமானின் இளமைக் கவிதைக்கு நீலாவணனின் நட்பு ஊக்கமாயிற்று. அந்நட்பைப் பொறுப்பாக்கியது உழைப்பு. நீலாவணனின் 'வழி' அவர் மறைந்தபின் 1976இலேயே நூலாயிற்று. நுஃமானும் அ. யேசுராசாவும் 1984இல் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' அவரைப் பரந்த வாசகரிடங் கொண்டுசென்றது. நண்பர்தம் பாராட்டு வட்டத்துள் முடங்கும். தொகுப்பும் திறனாய்வுமே அதனை மக்கள் உடைமையாக்கும்.

தற்செயலுக்கும் சமூக அடித்தளம் உண்டு. 1990இன் வன்செயல்கள் கிழக்கில் தமிழர், முஸ்லிம்களிடை உறவை அறுத்தன. தம்பிலுவில் மாணவனும் அக்கரைப்பற்று மாணவனும் ஒரே மொழியை வெவ்வேறு பாடசாலைகளிற் பயில்கின்றனர். சந்திக்கவே வாய்ப்பில்லாதவரிடை நட்பு எவ்வாறு அரும்பும்? அவர்கள் சேர்ந்திருந்து படிக்கும் வாசகர் வட்டங்களை அமைப்பது ஆசிரியராகிய நமது கடன். அடுத்த கவிஞனின் வருகையை நற்பேற்றிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.