கரன்ட் தயார்... சுவர்?

மின்சாரக் கார் விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். மலைப்பாதை, மேகம், சத்தமே இல்லாமல் போகும் வண்டி... எல்லாம் உண்டு. அந்தக் கார் ராத்திரி எங்கே நிற்கும் என்று மட்டும் காட்ட மாட்டார்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில்தானே? சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

தனி வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி ஒயர், ஒழுங்கான எர்த், கரன்ட் கசிந்தால் உடனே கட் ஆகிற ஆர்.சி.சி.பி. என்று போட்டுக்கொண்டால் முடிந்தது. ஃப்ளாட்காரர் கதை வேறு. கார் அவருடையது, மீட்டர் அவருடையது. நடுவில் ஒயர் போகிற சுவர் மட்டும் எல்லாருக்கும் பொது. அசோசியேஷன் செகரட்டரி, "யோசிச்சு சொல்றோம் சார்" என்பார். ஆறு மாதம் யோசிப்பார்!

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வண்டிக்கு சார்ஜ் போட தனி இணைப்பே கேட்டு வாங்கலாம் என்றது. நல்ல விதிதான். ஆனால், அது பேசுவது மின்வாரியத்தோடு. பொதுச் சுவரில் ஒயர் இழுக்க சங்கம் எத்தனை நாளில் சம்மதம் தர வேண்டும் என்பது பற்றி மூச்சு விடவில்லை. வாரியம் இணைப்பு தரத் தயார். ஒயரை ஆகாயத்திலா இழுப்பது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சட்டம் நேராக சங்கத்தோடு பேசுகிறது. சார்ஜர் கேட்டு வந்த மனுவை 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுக்காவிட்டால், அனுமதித்ததாகவே அர்த்தம். நியாயமான கூடுதல் விவரம் கேட்டிருந்தால் மட்டும் விலக்கு. செலவு, பராமரிப்பு, கரன்ட் பில் எல்லாம் கார்க்காரர் தலையில். சரிதானே?

சங்கத்தின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சுவரில் மாட்டுகிற 7.2 கிலோவாட் சார்ஜர், நாலைந்து ஏ.சி. சேர்ந்து இழுக்கிற கரன்ட்டை ஒண்டியாக இழுக்கும். 20 கார் ஒரே நேரத்தில் சொருகினால் 144 கிலோவாட். மெயின் கேபிள் தாங்குமா என்று கேட்பது நியாயம்தான்.

பி.காம். படித்தவன் புத்தி, ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறேன். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். யூனிட்டுக்கு சுமார் 7 கிலோமீட்டர் என்றால், 6 யூனிட் போதும். தனியாக ஒயர் இழுத்த 15 ஆம்பியர் பிளக், சுமார் 3 கிலோவாட், இரண்டு மணி நேர வேலை. ஐந்தைந்து காராக முறை வைத்தால், எட்டு மணி நேரத்தில் 20 காரும் முடிந்துவிடும். சுமை? வெறும் 15 கிலோவாட்! 144 எங்கே, 15 எங்கே?

ஆக, கட்டடம் தாங்கும். சங்கம் பதில் சொல்வதற்கு ஒரு கெடுதான் இல்லை. அடுத்த திருத்தத்தில் அந்த ஒரு வரி வரட்டும். அதுவரை, ஷோரூமுக்குப் போகுமுன் செகரட்டரியைப் பாருங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். மனுவை எழுத்தில் கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். காருக்கு முன்பணம் அப்புறம்!