கவசத்துக்குள் ஒரு கபடி

ஐந்து பேருக்கு ஐந்து பேர். இடுப்புயர மரவேலி கட்டிய களம். ஒவ்வொருவர் உடம்பிலும் 25, 30 கிலோ இரும்பு. கையில் கூர் மழுக்கிய வாளோ கோடரியோ. நடுவர் விட்டதும் இரண்டு அணியும் முட்டிக்கொள்கின்றன. முதல் தடவை பார்க்கிறவர், யார் யாரை எத்தனை அடி அடித்தார் என்று எண்ணிக்கொண்டிருப்பார். வீண் வேலை. குழு ஆட்டத்தில் அடிக்குப் புள்ளியே கிடையாது. இரண்டு பாதம் தவிர உடம்பில் வேறு எது தரையைத் தொட்டாலும் ஆள் அவுட். கடைசி வரை எந்த அணியில் ஆள் நிற்கிறாரோ அந்தச் சுற்று அவர்களுக்கு. மூன்றில் இரண்டு சுற்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது.

'புஹர்ட்' என்கிறார்கள். இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் கவசப் போரை, விதி போட்டு விளையாட்டாக்கிய வடிவம். உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' போட்டி தொடங்கியது. 2014-இல் ஸ்பெயினின் பெல்மோன்டே கோட்டையில் இன்னோர் அமைப்பு தன் உலகப் போட்டியை நடத்தியது. யூடியூப் புண்ணியத்தில் இன்று அந்தக் காட்சி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற இளைஞரின் போனிலும் ஓடுகிறது. 'நாமும் ஆடலாமா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடலாம். ஆனால் யார் ஆடினால் எடுபடும் என்பதில்தான் எனக்கு ஊரோடு கருத்து வேறுபாடு.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் கை நீட்டுவது சிலம்பத்தை நோக்கி. நியாயம்தான், ஆயுதம் ஏந்தும் ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரிய சொத்து அது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். ஆனால் சிலம்பத்தின் உயிர் மணிக்கட்டிலும் தொடுபுள்ளியிலும் இருக்கிறது. எதிரியின் உடம்பில் கம்பு லேசாகப் பட்டாலே புள்ளி. இரண்டு மில்லிமீட்டர் தகட்டுக்கும் பஞ்சுச் சட்டைக்கும் உள்ளே இருக்கிறவருக்கு அந்தத் தொடுகை தெரியவே தெரியாது. ஒற்றைக்கு ஒற்றை வாள் போட்டியில், சுத்தமான அடியை நடுவர்கள் எண்ணும் பிரிவில், சிலம்பக்காரரின் காலடியும் தூரக் கணக்கும் நிச்சயம் பேசும். ஐந்துக்கு ஐந்தில் பேசாது.

அங்கே பேசுவது கபடி. திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றாலே ராத்திரி விளக்குப் போட்டு நடக்கிறதே, அதே கபடி. அதிலும் எல்லாக் கபடிக்காரரும் அல்ல. கார்னரில் நின்று பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறவர் கபடியில் ஹீரோ. கவசக் களத்தில் அவர்தான் முதலில் அவுட், ஏனென்றால் பாய்ந்த நொடியே அவர் உடம்பு தரையில். கவரில் நின்று, ரெய்டர் திரும்பும் சமயம் பார்த்துத் தோளால் 'டேஷ்' கொடுத்துக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறவரையும், இரண்டு காலையும் ஊன்றி 'பிளாக்' போடுகிறவரையும் கூட்டி வாருங்கள். எதிரியை விழவைத்துத் தான் விழாமல் நிற்பது என்ற ஒரே வித்தைதான் இங்கே வேண்டும். அது அவர்களுக்குப் பழக்கம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கபடியில் அவுட்டானவர், தன் அணி எதிராளியை அவுட்டாக்கினால் மறுபடி உள்ளே வரலாம். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரை மடக்கினால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. ஆள் குறைந்த அணிக்குக் கபடி கை கொடுக்கிறது. புஹர்ட்டில் அந்த இரக்கம் இல்லை. விழுந்தவருக்கு அந்தச் சுற்றில் மறுவாய்ப்பு கிடையாது. ஐந்துக்கு நான்கு ஆன கணத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒருவரை இருவர் பிடித்துக்கொள்கிறார்கள், அடுத்து ஐந்துக்கு மூன்று, அப்புறம் சரிவுதான். நல்ல அணிகளின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இது புரியும். ஒருவர் வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எதிராளியைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பார். அவர் விழவைக்க முயல்வதே இல்லை, பிடி விடாமல் நிற்பார். இன்னொருவர் பக்கவாட்டில் ஓடி வந்து, அப்படிப் பிடிபட்ட ஆளின் தோளில் முழு வேகத்தோடு மோதுவார். கோடரி அடி அந்த மோதலுக்கு முன்னால் எதிரியின் கவனத்தைக் கலைக்க மட்டும். ரெய்டரை ஒருவர் தடுக்க, மற்றவர் வந்து சாய்ப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஆட்டம் முரடாகத் தெரிந்தாலும் வரம்பு உண்டு: குத்தக் கூடாது; பாதத்தில், முழங்கால் மடிப்பில், கவட்டில், பிடரியில் அடிக்கக் கூடாது; மூட்டை எதிர்த்திசையில் முறுக்கக் கூடாது.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். இரும்பு? உலகச் சந்தைக்கு வாளும் கவசமும் செய்து அனுப்புகிற பெரிய பட்டறைகளில் சில நம் நாட்டில்தான் இருக்கின்றன. டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ், மீரட்டின் தீபீகா என்று வெளிநாட்டு ஆர்வலர்களுக்குப் பழகிய பெயர்கள். செய்வது நாம், போட்டு ஆடுவது அவர்கள். ஆனால் விலைப்பட்டியலில் இருக்கிற எல்லாம் அடி வாங்கச் செய்ததல்ல. சுவரில் மாட்டவும் சினிமாவில் போடவும் செய்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினால் முதல் கோடரியில் நசுங்கும். ஆகவே தகட்டின் கனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 1966-இல் கலிபோர்னியாவில் பிறந்த எஸ்.சி.ஏ. என்ற அமைப்பு இரும்பை விட்டுவிட்டுப் பிரம்பு வாளால் ஆடுகிறது. அடி பட்டதைப் பட்டவரே ஒப்புக்கொள்ளும் மரபு அங்கே. அந்தப் பிரம்புக்கே தலைக்கவசம் குறைந்தது 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரும்பு இறங்கும் ஆட்டத்துக்கு அது பற்றாது.

மற்ற உறுப்புகளுக்கு டேராடூன் வரை போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. தோள், முழங்கை, முழங்காலுக்கான தகடுகளை மரச்சுத்தியால் குழித்து எடுக்கிற கை, ஜி.என்.டி. ரோட்டு ஓரத்து லாரி டிங்கரிங் கடைகளில் இருக்கிறது. நசுங்கிய கதவை நிமிர்த்துகிறவருக்குத் தட்டைத் தகட்டை வளைப்பது பெரிய விஷயம் இல்லை. ரிவிட் அடிக்கவும் தோல் வார் கோக்கவும் ஆள் உண்டு. தலைக்கவசத்தை மட்டும் அப்படிச் செய்து பார்க்காதீர்கள். வெளிநாட்டில் முழு செட் புதிதாகச் செய்து வாங்க இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் ஆவது சாதாரணம். இங்கே எதில் மிச்சம் பிடித்தாலும் தலையில் பிடிக்க வேண்டாம்.

உண்மையான எதிரி வெயில். 30 கிலோ என்றால் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்காரருக்குச் சட்டென்று விளங்கும்: 40 அடி நீள 10 எம்.எம். டி.எம்.டி. கம்பி நான்கு. அதைத் தோளில் தூக்குவது ஒன்று, கையிலும் காலிலும் கட்டிக்கொண்டு ஓடுவது வேறு. 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய பாணிக் கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு அளந்தார்கள். உடம்பு செலவழித்த சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் வீசித் தூக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். மார்புத் தகடு இறுக்குவதால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் சின்னச் சின்ன மூச்சாக வாங்க வேண்டியிருந்தது. இது நடந்தது லீட்ஸ் குளிரில். அதோடு உள்ளே தடித்த பஞ்சுச் சட்டையைச் சேர்த்து, கத்திரி வெயிலையும் கடல் ஈரக் காற்றையும் கூட்டிப் பாருங்கள். ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் நிற்கிறவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்போது தலை சுற்றும், எப்போது வேர்வை நின்றுபோகும் என்பது அவருக்கே தெரியும். தலை சுற்றினாலே ஆட்டம் நிற்க வேண்டும், வேர்வை நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. முழுக் கவசப் பயிற்சி மார்கழி தொடங்கி மாசி வரை, அதுவும் விடிகாலையில். மற்ற மாதங்களில் கவசத்தைப் பரணில் போட்டுவிட்டு உடம்பைத் தேற்றலாம்.

இதைக் கேட்டு 'தெற்கத்தி மண்ணுக்குக் கவசமே ஆகாது' என்று முடிவு கட்டவும் வேண்டாம். 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், அங்கே அணிவகுத்த குதிரை வீரர்கள் அடுக்கடுக்கான தோலும் நடுவே இரும்புத் தகடும் வைத்துத் தைத்த சட்டைகளைப் போட்டிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தால் ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

லோக்கல் என்றதும் ஒன்று. அந்த ரயிலில் கல்லூரி மாணவர்களின் 'ரூட் தல' தகராறுகளும் பட்டாக்கத்திகளும் போலீசுக்குப் போதும் போதும் என்றாகிவிட்ட சமாச்சாரம். 'சார், இது மழுங்கின வாள், விளையாட்டுக்கு' என்று பிளாட்பாரத்தில் நின்று விளக்குகிற நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள் வாளையும், 9 அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியையும் பெயர் சொல்லியே பட்டியலிடுகின்றன. வாள் வாங்கும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் வருடம் வாளே வேண்டியதில்லை என்பது அதைவிட நல்லது.

இதற்கு வண்ணாரப்பேட்டையிலேயே சாட்சி உண்டு. பவானி தேவி 2004-இல் வாள்வீச்சில் சேர்ந்தபோது மின் வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பழகினார். உண்மையான வாள் போட்டிக்கு மட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து அந்த விளையாட்டுக்குத் தகுதி பெற்ற முதல் ஆளாக, துனிசியாவின் நாடியா பென் அஸிஸியை 15-3 என்று வென்றார். 2023-இல் ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவைத் தோற்கடித்து வெண்கலம் எடுத்தார். அவர் கையில் இருந்த சேபர் அரைக் கிலோகூடத் தேறாது. ஆட்டம் வேறு, ஆனால் பொருளுக்கு முன் பழக்கம் என்ற வரிசை ஒன்றுதான். வெளிநாட்டுப் புஹர்ட் குழுக்களும் புதியவரை 'சாஃப்ட் கிட்' என்கிற பஞ்சு உறையிலும் மெத்தை ஆயுதத்திலும்தான் இறக்குகின்றன. நம்மூரில் மல்யுத்த மேட், கபடிக் களம், நாலைந்து நண்பர்கள் போதும். நின்றபடி பிடிப்பது, வேலி ஓரம் நழுவாமல் நிற்பது, விழ நேர்ந்தால் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு விழுவது: இவை கூடும்வரை இரும்பைத் தொட வேண்டாம்.

அப்புறம் தகடு சேர்க்கும்போது, எல்லோரும் மார்புக் கவசத்தில் ஆசை வைப்பார்கள், போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று. தலைக்கவசத்துக்கு அடுத்த காசு கைக்கவசத்துக்குப் போகட்டும். வாள் பிடித்த விரல் மேல் இறங்கும் கோடரியை மார்புத் தகடு தடுக்காது. மில்லில் வேலை செய்கிறவருக்கு இதில் கூடுதல் கணக்கு ஒன்று இருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் 90 சதவீதம் தரும். ஞாயிற்றுக்கிழமை களத்தில் உடைந்த விரல் அந்தக் கணக்கில் வராது. நோய்க்கால உதவியாக 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். ஈ.எஸ்.ஐ.யே இல்லாத கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அதுவும் இல்லை.