ஓடினால்தான் கொடுப்போமா? மாரத்தானும் நோயுற்ற குழந்தைகளும்

"புற்றுநோய் பாதித்த குழந்தைகளுக்காக ஓடுகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று ஒரு மெயில் வருகிறது. கூடவே ஒரு குழந்தையின் படம், ஒரு லிங்க். நம்மில் பலரும் கொடுப்போம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இது விநோதமான ஏற்பாடு. குழந்தைக்குத் தேவை மருந்து. நம்மிடம் இருப்பது பணம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருத்தர் எதுக்கு 42.195 கிலோமீட்டர் ஓடணும்?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டர் ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளிவந்த கட்டுரையில் சோதித்திருக்கிறார்கள். பணம் திரட்டும் வழி சுகமாக இருப்பதைவிட வலியும் உழைப்பும் கலந்ததாக இருந்தால் மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தியாகி விளைவு'. இன்னொன்றும் கண்டார்கள். பூங்கா மாதிரி சந்தோஷமான காரியங்களைவிட, மனிதத் துயரம் சம்பந்தப்பட்ட காரியங்களில் இந்த விளைவு அதிகம். அந்தப் பக்கம் ஒருவர் வலிப்படுகிறார் என்றால், இந்தப் பக்கமும் யாராவது வலிப்பட வேண்டும் என்று நம் மனசு கணக்குப் போடுகிறது.

நமக்கு இது புதுசு இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியாகணும் என்று பழனிக்கு நடந்தே போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் நேர்த்திக்கடனில் கடனும் நடையும் ஒரே ஆளுடையது. மாரத்தானில் ஓடுவது ஒருத்தர், கொடுப்பது இன்னொருத்தர், படத்தில் இருப்பது மூன்றாவது ஒருத்தர். என் விமர்சனம் எல்லாம் அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான்.

பாஸ்டனை எடுத்துக்கொள்வோம். 1948 மே மாதம் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில், பாஸ்டன் மருத்துவமனைக் கட்டிலில் இருந்த 12 வயதுப் பையன் ஒருவன் பேசினான். அவனுக்குப் புற்றுநோய். பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் அவன் அறைக்கே வந்தார்கள். அவன் ஆட்டம் பார்க்க ஒரு டிவி வாங்க வேண்டும் என்று நேயர்களிடம் பணம் கேட்கப்பட்டது. எதிர்பார்த்தது 20,000 டாலர், வந்தது 2,31,000 டாலருக்கு மேல். 'ஜிம்மி ஃபண்ட்' பிறந்த கதை இது.

ஆனால் 'ஜிம்மி' அவன் பெயரே இல்லை. பையனின் அடையாளத்தைக் காப்பதற்காக வைத்த பெயர். ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 50 வருடம் கழித்து, 1998-ல், ஐனர் குஸ்டாஃப்ஸன் என்பவர்தான் அந்த ஜிம்மி என்று உலகத்துக்குத் தெரிந்தது. பிழைத்து, குடும்பம் நடத்தி, லாரி ஓட்டிப் பிழைத்த மனிதர். தன் நோயை ஊர் முழுக்கச் சுமக்காமல் வாழ அவருக்கு அரை நூற்றாண்டு கிடைத்தது.

இன்றைக்கு நன்கொடைப் பக்கத்தில் வரும் குழந்தைக்கு அந்த வசதி உண்டா? உண்மைப் பெயர், மொட்டைத் தலை, மூக்கில் குழாய் எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குழந்தை பிழைத்து, 20 வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் படம் தேடலில் முதலில் வந்து நிற்கும். 1948-ல் தோன்றிய நாகரிகம் 2020-களில் நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

அடுத்து, பணம் எங்கே போகிறது. பாஸ்டன் மாரத்தானில் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்காக 1990-லிருந்து ஒரு குழு ஓடுகிறது. ஓட்டக்காரர்கள் திரட்டுவது முழுக்க அடிப்படைப் புற்றுநோய் ஆய்வுக்குப் போகிறது. குழந்தைகளுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்குமான ஆய்வு. ஓட்டக்காரர்களை நோயுற்ற குழந்தைகளோடு இணைக்கும் திட்டமும் அங்கே உண்டு. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சிட்னி ஃபார்பர் 1947-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்ததில்தான் இன்றைய கீமோதெரபிக்கான பாதையே திறந்தது. ஆய்வுக்குப் பணம் போவது நியாயம். ஆனால் "செல் பிரிவதைப் படிக்கப் பணம் தாருங்கள்" என்றால் யாரும் தர மாட்டார்கள், அதனால் குழந்தை முகம் முன்னால் வருகிறது. அப்படியானால் பணம் எதற்கு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, இந்த ஏற்பாட்டின் அமைப்பு. லண்டன், பாஸ்டன் மாதிரி ஓட்டங்களில் தொண்டு நிறுவனம் வழியாக இடம் வேண்டுமென்றால் குறைந்தபட்சத் தொகை திரட்ட வேண்டும். லண்டனில் சுமார் 2,000 பவுண்டு சாதாரணம், பாஸ்டனில் 5,000 டாலருக்கும் மேலே போகும். வசதியான நண்பர்கள் உள்ளவர்தான் இதைத் திரட்ட முடியும். ஒரு நோய்க்கு எவ்வளவு பணம் சேரும் என்பது அந்த நோயின் கொடுமையைப் பொறுத்து இல்லாமல், அதற்காக ஓடுகிறவரின் தொடர்புப் பட்டியலைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது. அரிய மரபணு நோய் உள்ள குழந்தைக்கு அந்தப் பட்டியல் எங்கே இருக்கும்?

இன்னொரு ஆபத்து, எங்கள் தொழிலில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் என்போமே, அது. 2019-ல் லண்டன் மாரத்தான் ஒரே நாளில் 6.64 கோடி பவுண்டு திரட்டியது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஓட்டம் தள்ளிப்போச்சு. அதே நாளில் வீட்டிலிருந்தே செய்யும் '2.6 சேலஞ்ச்' என்று அவசரமாக ஆரம்பித்தார்கள். சேர்ந்தது 1.1 கோடி பவுண்டு சொச்சம். ஓட்டத்தைத் தள்ளிவைக்கலாம், லுகேமியாவைத் தள்ளிவைக்க முடியாது.

மாற்றாக ஒன்று இருக்கிறது, அதுவும் ஓட்டம்தான். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த டெரி ஃபாக்ஸ், 1980-ல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். மருத்துவமனையில் தன்னோடு இருந்த இளம் நோயாளிகள்தான் அவரை ஓட வைத்தார்கள். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார், 1981-ல் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, குறைந்தபட்சத் தொகை இல்லை, ஜெயித்தவர் இல்லை. சென்னை ஐஐடி வளாகத்திலும் இது நடந்திருக்கிறது. இங்கே படத்தில் இருப்பவரும் ஓடியவரும் ஒரே ஆள். தன் நோயைப் பற்றி அவர் தானே பேசினார், யாரும் அவருக்காகப் பேசவில்லை. அதனால்தான் 40 வருடம் தாண்டியும் அந்தக் கதை கூசவில்லை.

ஓடுகிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. நாம் வலிக்குத்தான் பணம் கொடுப்போம் என்றால் யாராவது அந்த வலியைப் பட்டுத்தான் ஆகணும். ஆனால் அடுத்த மெயில் வரும்போது மூன்று கேள்வி கேட்கலாம். பணம் சிகிச்சைக்கா, ஆய்வுக்கா, குடும்பத்தின் தங்குமிடச் செலவுக்கா? ஓட்டம் நடக்காவிட்டாலும் அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் வரும் பணம் இருக்கிறதா? படத்தில் உள்ள குழந்தை வளர்ந்த பிறகு அதை எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா?

மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், படம் இல்லாத அமைப்பு ஒன்றைத் தேடிக் கொடுங்கள். மாதம் 200 ரூபாய் தானாகக் கழிகிற மாதிரி போட்டுவிட்டால் போதும். யாரும் கைதட்ட மாட்டார்கள், மெடலும் கிடைக்காது. ஆனால் ஒரு வார்டின் கணக்கர் அடுத்த மாதத்தைத் திட்டமிட அந்த 200 ரூபாயை நம்பலாம்.