திரைமறைவு வள்ளல்

மாதத்தின் முதல் புதன்கிழமை. அநாதை விடுதிக்குத் தருமகர்த்தாக்கள் வருகிறார்கள். தரை துலக்கப்படுகிறது, தொண்ணூற்றேழு பிள்ளைகளின் முகமும் துடைக்கப்படுகிறது. வந்த கனவான்கள் அறிக்கை படிக்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், வண்டி ஏறுகிறார்கள். தருமம் முடிந்தது!

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டர் 1912-இல் வெளியிட்ட ‘டாடி லாங் லெக்ஸ்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அதனைக் காதல் கதை என்றே பலரும் படித்தனர், படமாக்கினர், மகிழ்ந்தனர். நாம் வேறொன்றைத் தேடி அதனைப் புரட்டினோம். விடுதியின் வாயிலைத் தாண்டும் பெண்ணொருத்தி தன் காலில் நிற்க என்ன வேண்டும்? அதை எவர் தருவது? சலுகையாகவா, உரிமையாகவா?

கதைத் தலைவி ஜெருஷா ஆபட். பெயரே இரவல்! முன்பெயர் கல்லறைக் கல்லில் பொறுக்கியது. பின்பெயர் தொலைபேசிப் புத்தகத்தில் எடுத்தது. பதினாறு வயதுக்கு மேல் பிள்ளைகளை வைத்திருப்பது அவ்விடுதியின் வழக்கமன்று. இவளுக்கு மட்டும் இரண்டாண்டு நீட்டிப்பு, அதுவும் உழைப்பை விலையாகப் பெற்றுக்கொண்டு. தரும மூட்டையில் வந்த பழைய உடையை அணிந்து பள்ளிக்குச் செல்கிறாள். அருகே அமர்ந்திருப்பவளோ அவ்வுடையின் முதல் சொந்தக்காரி! கல்லூரிக்குச் சென்றால், மைக்கேல் ஆஞ்சலோ யாரென்று தெரியவில்லை. ஒரு தேவதூதன் என எண்ணி நகைப்புக்கு ஆளாகிறாள். சோறும் கூரையும் தந்த விடுதி, மற்ற பிள்ளைகள் வீட்டிலே தாமாகவே அறிந்துகொள்வதைத் தரவில்லை. இதனை நூலாசிரியை கண்ட கண் கூர்மையான கண். பாராட்டுகிறோம்.

ஆனால், அவளைக் கல்லூரிக்கு அனுப்புபவர் யார்? முகம் காட்டாத தருமகர்த்தா ஒருவர். அதுவரை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உதவியவர். இவள் எழுதிய நகைச்சுவைக் கட்டுரை பிடித்துப்போனதால் மனம் இளகினார். மாதம் முப்பத்தைந்து டாலர் கைச்செலவு. மாதம் ஒரு கடிதம் அவள் எழுத வேண்டும், மறுமொழி வராது. கைக்குக் காசு, கல்விக்கு வழி இரண்டும் நல்லவைதாம். உடன் வந்த கயிறுதான் நமக்கு உறுத்துகிறது. கோடை விடுமுறையில் தோழியின் குடும்பத்தாரோடு தங்க விரும்புகிறாள். கூடாது, பண்ணை வீட்டுக்குப் போ என்று செயலாளர் மூலம் கட்டளை வருகிறது. அத்தோழிக்கு ஓர் அண்ணன் இருப்பதுதான் காரணமோ என்று படிப்பவர் ஐயுறலாம்! அந்த வள்ளல்தான் வேறு பெயரில் அவளோடு பழகும் ஜெர்விஸ் பெண்டில்டன். தான் அநாதை என்பதை அவனிடம் சொல்லக் கூசி அவள் மணம் மறுக்கிறாள். அவனோ அனைத்தும் அறிந்தவன். அவனைப்பற்றி அவள் எழுதிய மடல்களையும் படித்தவன். ஒருத்தி கண்கட்டி நிற்க, ஒருவன் விழித்திருந்து ஆடிய ஆட்டத்துக்குத் திருமணம் என்று பெயர் சூட்டி நூலை முடிக்கிறார் ஆசிரியை. இங்கே நாம் அவரோடு உடன்படோம்.

அந்நாட்டுச் சட்டம் பிற்காலத்தில் வள்ளலின் இடத்தைச் சிறிதேனும் பிடித்தது. அநாதை விடுதிகள் அருகி, பிள்ளைகளை அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் விடும் முறை பரவிய பின்னும், பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியேறு என்ற நிலை நீடித்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்கள் தனித்து வாழப் பழகுவதற்கான கூட்டாட்சி நிதியை ஆண்டுக்கு 14 கோடி டாலராக, இரு மடங்காக்கியது. அதில் ஒரு பகுதியை வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் செலவிட இசைந்தது. 2008 சட்டம், மாநிலங்கள் விரும்பினால் இருபத்தொரு வயதுவரை பராமரிப்பை நீட்டிக்க வழி செய்தது. விரும்பினால்! அந்தச் சொல்லில்தான் பழைய தருமகர்த்தாவின் நிழல் ஒளிந்திருக்கிறது. வெளியேறுவோர் கையில் பிறப்புச் சான்றிதழைத் தந்தனுப்ப வேண்டும் என்று 2014-இல் மற்றொரு சட்டம் வந்தது. கல்லறையில் பெயர் பொறுக்கப்பட்ட ஜெருஷாவை அறிந்தவர்க்கு அந்தத் தாளின் மதிப்பு விளங்கும்.

நாவலில் நம் நெஞ்சைத் தொட்ட இடம் மணவறை அல்ல. அவளுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கிறது. வேண்டாம் என்கிறார் வள்ளல். அவள் பணியவில்லை. உமது பணத்தைக் கொண்டு அதே விடுதியிலுள்ள வேறொரு பெண்ணைப் படிக்க வையுங்கள் என எழுதுகிறாள். நகைச்சுவைக் கட்டுரை எழுதத் தெரியாத அந்த வேறொரு பெண் படித்தாளா? கதை முடியும்வரை அவள் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை.