வேட்டை நூலை எப்படிப் படிப்பது?

சித்தன்னவாசல் ஓவியத்தை நம்மில் பலர் பாடநூலில் பார்த்திருப்போம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தக் குன்றில், அறிவர் கோயில் என்னும் சமணக் குகைக் கோயிலின் முன்மண்டப விதானத்தில், ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மலர்களுக்கும் இலைகளுக்கும் நடுவே மீன்களும் நீர்ப்பறவைகளும் எருமைகளும் யானைகளும் காணப்படுகின்றன. ஆடவர் மூவர் குளத்தில் இறங்கி மலர் கொய்கின்றனர். அவர்கள் கையில் தாமரை இருக்கிறது. ஆயுதம் ஏதும் இல்லை. விலங்குகளும் அவர்களைக் கண்டு மிரண்டு ஓடவில்லை.

விலங்குகளைப் பற்றி நமக்குச் சொல்லும் படைப்புகளில் இது ஒரு வகை. இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையும் உண்டு. அதுதான் வேட்டை நூல். ஆப்பிரிக்கக் காடுகளில் சிங்கத்தையும் யானையையும் சுட்டவர்கள், குமாவோன் மலைகளிலும் நம் சேலம், தருமபுரிக் காடுகளிலும் புலியைத் தேடி அலைந்தவர்கள் எழுதிய நூல்களை நம் மாணவர்கள் ஆர்வத்துடன் படிக்கின்றனர். காட்டின் மீது முதன்முதலில் ஆசை ஏற்படுத்தியவை இந்த நூல்களே என்று சொல்வோர் பலர். ஆகவே இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இவை சொல்வனவற்றை விலங்கியல் உண்மைகளாக அப்படியே ஏற்கலாமா? இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

முன்னாள் குடியரசுத் தலைவரின் பயணம்

‘சஃபாரி’ என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அரபு மொழியிலிருந்து அங்கு வந்தது. உலகெங்கும் அச்சொல்லைப் பரப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கிய அவர், அதே மாதத்தில் மகன் கெர்மிட்டுடன் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு விலங்கு மாதிரிகளைச் சேகரிப்பது பயணத்தின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று இயற்கை அறிஞர்களும் உடன் சென்றனர். பொதிசுமக்க இருநூறுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமர்த்தப்பட்டனர். தோல்களைப் பதப்படுத்துவதற்கென்றே நான்கு டன் உப்பு எடுத்துச் செல்லப்பட்டது.

ஓராண்டுக் காலத்தில் இக்குழுவினர் சேர்த்த உயிரின மாதிரிகள் 11,000க்கும் மேல். அவற்றுள் தந்தையும் மகனும் மட்டும் சுட்டு வீழ்த்தியவை 512. இந்தக் கணக்கை ரூஸ்வெல்ட்டே 1910இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்கன் கேம் டிரெயில்ஸ்’ என்னும் தம் நூலில் பட்டியலிட்டுள்ளார்.

இந்நூலின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். ரூஸ்வெல்ட் கூர்ந்து நோக்குபவர். எந்த விலங்கு எந்த நிலத்தில் மேய்கிறது, எந்த நேரத்தில் நீருக்கு வருகிறது, அதன் இரைப்பையில் என்ன இருந்தது என்றெல்லாம் குறிக்கிறார். வரிக்குதிரையின் கோடுகள் அதை மறைக்கவே அமைந்தவை என்று அக்காலத்தில் சிலர் உறுதியாகக் கூறினர். திறந்த புல்வெளியில் தாம் கண்டதை வைத்து அவர் அதை மறுக்கிறார். அறிவியலில் இது நல்ல பழக்கம். அவர் குழு கொண்டுவந்த மாதிரிகள் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதும் உண்மையே.

குறை எங்கே இருக்கிறது? துப்பாக்கி வெடித்ததும் கவனிப்பு முடிந்துவிடுகிறது. இறந்த யானையிடமிருந்து அதன் எடை, தந்தத்தின் நீளம், கடைசியாக உண்ட உணவு ஆகியவற்றை அறியலாம். அது எத்தனை ஆண்டு வாழும், யாருடன் உறவு கொண்டது, வறட்சி வந்தால் கூட்டத்தை எங்கே அழைத்துச் செல்லும் என்பவற்றை அறிய முடியாது. கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972 முதல் ஒவ்வொரு யானையையும் காதின் கிழிசல்களைக் கொண்டு அடையாளம் கண்டு, பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்த பிறகே அவற்றின் குடும்ப வாழ்க்கை தெரியவந்தது. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பதை 1984இல் கேட்டி பேன் உணர்ந்தது, உயிருள்ள யானைகளின் அருகே அமர்ந்திருந்தபோதுதான். நம் நாட்டிலும் ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை கன்ஹாக் காட்டில் தங்கிப் புலிகளைச் சுடாமல் கவனித்து எழுதிய ‘த டியர் அண்ட் த டைகர்’ என்னும் நூல் (1967), அதற்கு முன் நூறாண்டுகள் எழுதப்பட்ட வேட்டை நூல்கள் சொல்லாத பலவற்றைச் சொன்னது.

பெரியதையே தேடும் கண்

இரண்டாவது குறை, மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியது. ஒரு பள்ளி மாணவர்களின் சராசரி உயரத்தை அறிய, கூடைப்பந்துக் குழுவை மட்டும் அளந்தால் விடை சரியாக இருக்குமா? வேட்டைக்காரர் நீண்ட கொம்பையும் பெரிய பிடரியையும் தேடிச் செல்பவர். ஆகவே அவர் தரும் அளவுகள் அந்த இனத்தின் இயல்பான அளவுகள் ஆகா.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. இறந்த புலியைக் கிடத்தி, மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளை அடித்து, இடைப்பட்ட நேர்க்கோட்டை அளப்பது ஒரு முறை. நாடாவை உடலின் வளைவுகள்மேல் படியவைத்து அளப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் அளவு சில அங்குலம் கூடிவிடும். 1930இல் ஜிம் கார்பெட் சுட்ட பவல்கர் புலியின் நீளம் 10 அடி 7 அங்குலம். அது வளைவின்மேல் எடுத்த அளவு என்று அவரே குறிப்பிட்டதால் நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. எப்படி அளந்தார் என்று சொல்லாத நூலின் எண்ணை வியக்கலாமே தவிர, பயன்படுத்த இயலாது.

பெரியதையே தேடிக் கொல்வது விலங்கினத்தையே மாற்றிவிடவும் கூடும். மொசாம்பிக்கின் கொரோங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்திற்காக யானைகள் கொல்லப்பட்டன. போருக்கு முன் அங்குப் பெண் யானைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை. போருக்குப் பின் ஏறத்தாழ பாதிக்குத் தந்தம் இல்லை. தந்தமில்லாத தாய்களே உயிர்தப்பி ஈன்றதால் அந்தப் பண்பு பரவிற்று என்பதை 2021இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது.

சாவோ சிங்கங்களும் நம் தொழிலாளர்களும்

வேட்டை நூல் ஒன்றை ஆய்வகம் சோதித்த கதையையும் கேளுங்கள். 1898இல் இன்றைய கென்யாவில், சாவோ ஆற்றின்மேல் இரயில் பாலம் கட்டப்பட்டபோது இரண்டு ஆண் சிங்கங்கள் தொழிலாளர்களைக் கவர்ந்து சென்றன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். பாலத்தின் பொறியாளரான பேட்டர்சன், அவ்வாண்டு டிசம்பரில் இரு சிங்கங்களையும் சுட்டார். 1907இல் அவர் எழுதிய நூலில், மாண்ட இந்தியத் தொழிலாளர் 28 பேர் என்கிறார்; ஆப்பிரிக்கர் பலர் மாண்டதாகவும், அவர்களுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை என்றும் சொல்கிறார். பின்னாளில் மொத்தம் 135 பேர் என்றார்.

அச்சிங்கங்களின் தோலும் மண்டையோடும் சிகாகோவிலுள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்திற்கு விற்கப்பட்டன. 2009இல் ஆய்வாளர்கள் அவற்றின் எலும்பிலும் மயிரிலும் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தனர். உண்ணும் உணவுக்கேற்ப உடலில் இவற்றின் விகிதம் மாறும். எலும்பு பல ஆண்டு உணவையும், மயிர் கடைசிச் சில மாதங்களின் உணவையும் காட்டும். இரு சிங்கங்களும் சேர்ந்து உண்டவர்கள் ஏறத்தாழ 35 பேர் என்றும், அதிக அளவாக 72 பேர் இருக்கலாம் என்றும் அவர்கள் கணித்தனர். உண்ணாமல் கொன்றுவிட்டுச் சென்றவர்கள் இக்கணக்கில் வரமாட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படியிருந்தும் 135 என்பது மிகையாகவே தோன்றுகிறது. முதல் நூலின் 28 என்ற எண்ணோ நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

இதில் அறிவியலுக்கு அப்பாற்பட்ட ஒரு குறையும் தெரிகிறது. சிங்கங்களின் தோல் பாதுகாக்கப்பட்டது. பாலம் கட்டிய ஆப்பிரிக்கர்களின் சாவுக்கு எண்ணிக்கைகூட இல்லை. ஒரு வேட்டை நூல் யாரைக் கணக்கில் சேர்க்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆட்கொல்லிகள் ஏன் உருவாகின்றன என்பதற்கும் இந்நூல்களுக்குள்ளேயே விடை கிடக்கிறது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் 1907இல் சுட்டார். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. அதனாலேயே அது தன் இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் மனிதரை நாடியது என்கிறார் அவர். முன்பு யாரோ குறிதவறிச் சுட்ட குண்டுக்கு, அந்த மலைக் கிராம மக்கள் விலை கொடுத்தனர். சாகசக் கதை வேகத்தில் படிப்பவர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்.

பணம் காட்டைக் காக்குமா?

ஆப்பிரிக்காவில் வேட்டைச் சஃபாரி இன்றும் சில நாடுகளில் சட்டப்படி நடக்கிறது. வேட்டைக்காரர் செலுத்தும் பெருந்தொகை காட்டையும் கிராமங்களையும் காக்கிறது என்பது அதன் ஆதரவாளர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட இயலாது. தென்னாப்பிரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூறுக்கும் குறைவாக எஞ்சிய தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பின்னர் பல்லாயிரமாகப் பெருகியது. தனியார் பண்ணைகள் அதை வளர்க்க முன்வந்ததற்கு வேட்டை வருமானமும் ஒரு காரணம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பல பத்தாண்டுக் கடுமையான பாதுகாப்பு முதலில் வந்தது; வேட்டை 1968இல்தான் அனுமதிக்கப்பட்டது. மறுபுறம், 1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. அதன் பின்னரும் அங்குப் பல விலங்கினங்கள் குறைந்தன. மேய்ச்சலும் வேலியும் திருட்டு வேட்டையும் காட்டைச் சுருக்கியதே காரணம். தடை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

சிங்கத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. கூட்டத்தின் தலைமை ஆண் இறந்தால், புதிதாக வரும் ஆண் பெரும்பாலும் அங்குள்ள குட்டிகளைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு குண்டில் ஒரு சிங்கம் மட்டும் சாவதில்லை. 2015இல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே பூங்காவை ஒட்டிக் கொல்லப்பட்ட ‘செசில்’, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்துவந்த சிங்கம். ஐந்து, ஆறு வயதைக் கடந்த ஆண்களை மட்டும் சுட்டால் கூட்டத்திற்குக் கேடு குறைவு என்று 2004இல் ஓர் ஆய்வு கூறியது. ஆயினும் சுடுமுன் வயதைச் சரியாகக் கணிப்பவர் யார்? எத்தனை சிங்கம் உள்ளது என்று எண்ணுபவர் யார்? வேட்டையால் ஆதாயம் பெறுபவரே எண்ணினால் அந்த எண்ணை நம்புவதெப்படி? வாதத்தின் பலவீனமான இடம் இதுவே என்பது என் கருத்து.

நம் நாடு வேறு வழியில் சென்றது. 1947இல் இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் ஒரு சமஸ்தான மன்னர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். அதன்பின் அவ்வினம் இங்கு அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளை வானூர்தியில் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டுக் கணக்கின்படி புலிகள் 1,827. 2022 மதிப்பீட்டில் 3,682. இதைக் கண்டு இருமடங்கு ஆயிற்று என்று கூறிவிடாதீர்கள்! முதல் எண் காலடித் தடங்களை வைத்து எடுத்தது. இரண்டாவது தானியங்கி நிழற்படக் கருவிகளைக் கொண்டு மதிப்பிட்டது. அளவுகோல் வேறு. புலியின் நீளத்திற்குக் கேட்ட கேள்வியை, நமக்குப் பிடித்த எண்ணுக்கும் கேட்பதே நேர்மை.

ஓவியத்திற்கும் அதே சோதனை

அப்படியானால் சித்தன்னவாசல் ஓவியத்தையும் சோதிக்க வேண்டுமல்லவா? பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஓவியங்களும் அக்காலத்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. சமண சமயம் கூறும் ஒரு புனிதக் குளத்தையே ஓவியர் தீட்டினார். எனவே இதில் யானை இருப்பதால் அக்காலத்தில் இக்குன்றைச் சுற்றிக் காட்டு யானைகள் திரிந்தன என்று முடிவு கட்டக் கூடாது. இதை விலங்குக் கணக்கெடுப்பாகவும் கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மீனும் பறவையும் எருமையும் யானையும் மனிதரும் ஒரே நீரைச் சார்ந்திருப்பதை ஓவியர் ஒரே பார்வையில் காட்டியிருக்கிறார். வேட்டை நூலின் பட்டியலில் ஒவ்வொரு விலங்கும் தனித்தனி எண்ணாக நிற்கிறது. குளம் அதில் இல்லை. அக்குளத்தையும் சேர்த்துப் பார்க்கும் அறிவைத்தான் இன்று சூழலியல் என்கிறோம்.

மாணவ நண்பர்களே, வேட்டை நூல்களைத் தாராளமாகப் படியுங்கள். படிக்கும்போது ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை ஆசிரியர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? அளவை எப்படி எடுத்தார்? சுடப்பட்டது எது, சுடப்படாமல் விடப்பட்டது எது? வழிகாட்டியவர், பொதிசுமந்தவர், மாண்டவர் ஆகியோரின் பெயர் நூலில் உள்ளதா? பிறகு உங்கள் ஊர்க் கண்மாய்க்குச் சென்று, ஒரு மணி நேரத்தில் அங்கு வந்துபோகும் உயிர்களை எழுதுங்கள். அடுத்த மாதமும் அதே நாளில், அதே நேரத்தில், அதே இடத்தில் அமர்ந்து எழுதுங்கள். ஓராண்டு கழிந்ததும் அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒரு வேட்டை நூலின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். எதில் என்ன தெரிகிறது, எதில் என்ன தெரியவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.